கேள்வி நேரம்: விண்கலத் திட்டம் எழுத விஞ்ஞானிக்கு என்ன மொழி?

விண்வெளிப் பயணங்களுக்குத் திட்டம் போடும் விஞ்ஞானிகள் எந்த நிரல்மொழியில் எழுதுகிறார்கள், அந்த மொழிகளைச் சுலபமாக்குவது எப்படி என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பத்துக் கேள்விகளுக்கு எங்கள் தொழில்நுட்பக் குழு இங்கே பதில் சொல்கிறது.

பைத்தான்தான் எல்லோருக்கும் தெரிகிறதே. விண்வெளித் திட்டத்துக்கென்று தனி மொழி எதற்கு?
– இயற்பியல் முதுகலை மாணவி, கோயம்புத்தூர்

பல வேலைகளுக்கு பைத்தானே போதும். "விண்வெளி மென்பொருள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மூன்று சரக்கு. கலத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள் ஒன்று. அது பெரும்பாலும் சி, சி++, ஏடா மொழிகளில் இருக்கும். விஞ்ஞானி அதில் கை வைப்பதில்லை. இரண்டாவது பாதைக் கணக்கு: எப்போது கிளம்புவது, எங்கே எந்தத் திசையில் இன்ஜினை எரிப்பது. மூன்றாவது செயல் திட்டம்: எந்தக் கருவி எத்தனை மணிக்கு எதைப் பார்க்கும், அதற்கு மின்சாரமும் நினைவகமும் தாங்குமா, எடுத்ததை எப்போது பூமிக்கு அனுப்பும். பின்னால் சொன்ன இரண்டில்தான் விஞ்ஞானி உட்கார்ந்து எழுதுகிறார்.

பாதைக் கணக்கில் பைத்தானும் நல்ல நூலகங்களும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) இருந்தால் வெகுதூரம் போகலாம். தனி மொழி வேண்டுமென்றால் நாசாவின் கோடார்ட் மையம் இலவசமாகத் தரும் ஜிமேட் என்ற பாதைக் கணக்கு மென்பொருளின் மொழி இருக்கிறது. அதன் பயிற்சிப் பாடம் ஒன்றில் தாழ்வான சுற்றுப்பாதையிலிருந்து புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு ஏற வேண்டும். சமன்பாட்டைத் தீர்க்கும் வேலையை நீங்கள் எழுதுவதில்லை. "இந்த எரிப்பின் வேகத்தை மாற்றிப் பார், உச்சிப் புள்ளி வரை ஓட்டு, பூமி மையத்திலிருந்து தூரம் 42,165 கிலோமீட்டர் வர வேண்டும்" என்று மூன்று கட்டளை, இடையில் உள்ள தேடலை மென்பொருள் செய்துகொள்கிறது. என்ன வேண்டும் என்பதை விஞ்ஞானி சொல்கிறார், எப்படி என்பதை மொழி பார்த்துக்கொள்கிறது. முதல் ஊகம் ரொம்பத் தப்பாக இருந்தால் தேடல் திசை தெரியாமல் அலைந்து கைவிட்டுவிடும். ஒரு சுற்றில் அதிகபட்சம் எவ்வளவு மாற்றலாம் என்பதைக் குறைத்துப் பார்ப்பது முதல் மருந்து.

செயல் திட்டத்தின் கதை வேறு. பைத்தானில் எழுதிய திட்டம் என்ன செய்யும் என்று அறிய அதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதில் முடிவே இல்லாத சுழலும் இருக்கலாம். ஓட்டாமலேயே படித்து, "கேமராவையும் ஆன்டெனாவையும் ஒரே நேரத்தில் இரண்டு திசைக்குத் திருப்பச் சொல்கிறீர்கள்" என்று மொழி எச்சரிக்க வேண்டுமானால், அதில் எழுதக்கூடியவற்றைக் குறைக்கத்தான் வேண்டும். தனி மொழியின் பலமே அது எதையெல்லாம் அனுமதிக்கவில்லை என்பதில் இருக்கிறது.

பெரிய மொழிக்குள்ளேயே சின்ன மொழி ஒன்றைக் கட்டுவது நடுவழி. செலவு குறைவு, ஆனால் பின்வாசல் திறந்தே கிடக்கும். 1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 கலத்தை ஒரு தானியங்கி மென்பொருள் ஓட்டிப் பார்த்தது. லிஸ்ப் மொழிக்குள் கட்டிய ஈஎஸ்எல் என்ற சின்ன மொழி, ஒரே நேரத்தில் ஓடும் இழைகள் (நிரலின் தனித்தனிப் பணிகள்) ஒன்றையொன்று முட்டாதபடி பாதுகாப்புத் தந்தது. ஓரிடத்தில் அந்தப் பாதுகாப்பைத் தாண்டி அடிப்படை லிஸ்ப் அழைப்பு நேரடியாகப் போனது. ஒரு இழை வராத செய்திக்காகக் காத்து நின்றுவிட்டது. கலம் பிழைத்தது, சோதனையும் வெற்றிதான். ஆனால் உள்மொழி கட்டுகிறவர்கள் பின்வாசலுக்குத் தாழ்ப்பாள் போட மறக்கக் கூடாது.

அலகுக் குழப்பத்தால் செவ்வாய்க் கலம் ஒன்று அழிந்தது என்று படித்தேன். மொழியிலேயே அலகைச் சேர்த்துவிட்டால் இது நடக்காதா?
– இயந்திரவியல் பொறியாளர், நாகர்கோவில்

மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்தான் அது. 1998 டிசம்பர் 11 அன்று கிளம்பி, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது. வழியில் சிறு உந்துபொறிகள் அடிக்கடி எரிந்தன. ஒவ்வொரு எரிப்பும் கலத்துக்குக் கொடுத்த உந்தத்தைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-நொடியில் கோப்பில் எழுதியது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன்-நொடி என்று நினைத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டன். ஆகவே ஒவ்வொரு எரிப்பின் விளைவும் நாலரை மடங்கு குறைவாகக் கணக்கில் ஏறியது. ஒன்பது மாதத்தில் அது சேர்ந்து சேர்ந்து, சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது.

உங்கள் கேள்விக்குப் பாதி ஆமாம், பாதி இல்லை. எஃப் ஷார்ப் மொழியில் எண்ணோடு அலகையும் எழுதலாம். மீட்டரையும் நொடியையும் கூட்டினால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே மறுத்துவிடும். ஓடும்போது அலகு அழிந்துபோவதால் வேகம் குறையாது. ஆனால் அதே காரணத்தால், கோப்பில் எழுதும்போது வெறும் எண்தான் போகும். செவ்வாய்க் கலத்தை அழித்த தவறு ஒரு நிரலுக்குள் நடந்ததல்ல. இரண்டு நிரலுக்கு நடுவே, ஒரு கோப்பில் நடந்தது. இரண்டு பக்கமும் தனித்தனியே எத்தனை கச்சிதமாக அலகு பார்த்திருந்தாலும் நடுவில் அது உதிர்ந்திருக்கும்.

எனவே மொழி வடிவமைப்பவருக்கு எங்கள் ஆலோசனை: அலகு கோப்பின் தலைப்பிலேயே எழுதப்பட வேண்டும், அது இல்லாத கோப்பை வாசிக்கவே மறுக்க வேண்டும். பைத்தானின் ஆஸ்ட்ரோபை நூலகத்தில் அளவுகள் அலகோடு நடமாடுகின்றன. அட்டவணையைச் சாதாரண சிஎஸ்வி உரைக்கோப்பில் சேமித்தால் அலகு போய்விடும். ஈசிஎஸ்வியில் சேமித்தால் தலைப்பில் தங்கும். இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: ஆஸ்ட்ரோபையில் ஒவ்வோர் எண்ணாகச் சுழலில் போட்டால் மாட்டுவண்டி வேகம்தான். மொத்த வரிசையையும் ஒரே அளவாகக் கட்டி அனுப்ப வேண்டும்.

அலகுச் சோதனை பிடிக்காத தவறுகளும் உண்டு. முறுக்குவிசைக்கும் ஆற்றலுக்கும் பரிமாணம் ஒன்றே. இடம் மாற்றிப் போட்டால் கம்பைலர் சத்தம் போடாது. கோணத்துக்குப் பரிமாணமே கிடையாது, ஆகவே டிகிரியும் ரேடியனும் கலந்துவிடும். கோணத்தைத் தனி வகையாகவே வைத்துவிடுவது நல்லது.

காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி வைத்ததால் ராக்கெட் வெடித்தது உண்மையா?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

இரண்டு கதைகள் கலந்துவிட்டன. 1962 ஜூலை 22 அன்று வெள்ளிக் கோளுக்கான நாசா கலம் மாரினர் 1 ஏவப்பட்டு, ஐந்து நிமிடத்துக்குள் பாதுகாப்பு அதிகாரியால் அழிக்கப்பட்டது. காரணம் புள்ளி அல்ல. வழிகாட்டுச் சமன்பாட்டில் ஓர் எழுத்தின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கோடு, கையால் எழுதியதை நிரலாக்கும்போது விட்டுப்போனது. "சராசரியாக்கிய வேகத்தை எடு" என்று சொல்லும் கோடு அது. ராடார் கோளாறும் சேர்ந்துகொண்டது.

புள்ளிக் கதை, மனிதரை விண்ணுக்கு அனுப்பிய நாசாவின் மெர்க்குரி திட்டக் காலத்து ஃபோர்ட்ரான் நிரல் ஒன்றில் கண்டுபிடித்துத் திருத்தியது. அதனால் எந்த ராக்கெட்டும் வெடிக்கவில்லை. ஆனாலும் அந்த வரி மொழி வடிவமைப்புப் பாடத்துக்குத் தங்கம். "டூ 10 ஐ = 1, 10" என்றால் 1 முதல் 10 வரை பத்து முறை சுற்று என்று பொருள். காற்புள்ளி இடத்தில் புள்ளி விழுந்து "டூ 10 ஐ = 1.10" ஆகிவிட்டால்? பழைய ஃபோர்ட்ரானுக்கு இடைவெளி கண்ணில் படாது. "டூ10ஐ" என்று ஒரு மாறி, அதன் மதிப்பு 1.10 என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு மாறியை யாரும் அறிவிக்கவில்லையே என்றும் கேட்காது, ஏனென்றால் அறிவிக்காமலே மாறி பிறக்கலாம். சுழல் ஒரே ஒரு முறை ஓடும். தட்டச்சை மிச்சப்படுத்த வைத்த இரண்டு சலுகைகள் சேர்ந்து ஒரு பிழையை ஒளித்துவைத்தன.

உண்மையிலேயே எழுத்துப் பிழையால் போன கலம் வேண்டுமென்றால், சோவியத் போபோஸ் 1. 1988 ஜூலை 7 அன்று கிளம்பியது. ஆகஸ்ட் இறுதியில் அனுப்பிய கட்டளையில் ஓர் எழுத்து விடுபட்டது. அந்தக் குறைக் கட்டளை, தரைச் சோதனைக்காகப் போட்டு நீக்காமல் விட்டிருந்த நிரல் ஒன்றைத் தட்டி எழுப்பியது. அது கலத்தின் திசைகாப்பு உந்துபொறிகளை அணைத்தது. சூரியத் தகடுகள் சூரியனை விட்டுத் திரும்பின, பேட்டரி தீர்ந்தது. செப்டம்பர் 2 அன்று கூப்பிட்டபோது பதில் இல்லை. கட்டளைப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு பெயரில் ஓர் எழுத்தை விட்டாலோ மாற்றினாலோ இன்னொரு செல்லுபடியான பெயர் கிடைக்கிறதா என்று ஒரு சின்ன நிரலை வைத்தே சோதித்துவிடலாம். அரை மணி நேர வேலை.

திட்டத்தில் நேரத்தை யூடிசியில் எழுதினால் போதாதா? நூலகங்கள் ஏன் நான்கைந்து வகை நேரம் கேட்கின்றன?
– மென்பொருள் பணியாளர், சென்னை

யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், மனிதர்களுக்கான கடிகாரம். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக, 1972 முதல் அதில் 27 லீப் நொடிகள் சேர்த்திருக்கிறார்கள். கடைசியாக 2016 டிசம்பர் 31 இரவு. கோள்களின் இயக்கச் சமன்பாட்டுக்கு இப்படி இடையில் நொடி செருகினால் ஒத்துவராது. அதற்கு டிடிபி என்ற சீரான நேரம். இன்றைய கணக்கில் டிடிபி, யூடிசியைவிட 69.184 நொடி முன்னால் இருக்கிறது: 37 நொடி லீப் கணக்கில் (1972இல் தொடங்கும்போதே இருந்த 10, பிறகு சேர்த்த 27), 32.184 நொடி வரலாற்றுக் காரணத்தால்.

69 நொடிதானே என்று விட முடியாது. தாழ்வான சுற்றுப்பாதையில் கலம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும். ஒரு நேரத்தை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் 500 கிலோமீட்டருக்கு மேல் தவறும். சென்னையை எடுக்க வேண்டிய படத்தில் மதுரைக்கு அப்பால் உள்ள ஊர் விழலாம்.

மொழியில் செய்ய வேண்டியது எளிது, ஆனால் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். வெறும் எண்ணை நேரமாக ஏற்கக் கூடாது. அளவுகோலின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். "தருணம்" வேறு, "கால அளவு" வேறு என்று இரண்டு வகை வேண்டும். இரண்டு தருணங்களைக் கழித்தால் கால அளவு கிடைக்கும். இரண்டு தருணங்களைக் கூட்டுவதற்குப் பொருளே இல்லை, அதை மொழி மறுக்க வேண்டும். கலத்தின் சொந்தக் கடிகாரம் மூன்றாவது ஆள். அது குளிரிலும் வெயிலிலும் கொஞ்சம் ஓடிப்போகும். அதற்கான திருத்தக் கோப்பு புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் மொழியே கேட்டால் நல்லது. செவ்வாய்த் தரை ஊர்திக்குத் திட்டம் எழுதினால் 24 மணி 39 நிமிடம் 35 நொடி நீளமுள்ள "சோல்" என்ற நாளும் சேரும். "நாளை காலை" என்ற சொல்லை அங்கே தடை செய்துவிடுங்கள்.

ஸ்பைஸ் நூலகத்தில் ஒரு கோளின் இடத்தைக் கேட்க ஐந்து உள்ளீடு தர வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் மறைத்துச் சுலபமாக்க முடியாதா?
– ஆய்வு மாணவர், திருநெல்வேலி

முடியும். ஆனால் வேண்டாம் என்போம்.

ஸ்பைஸ், நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் உள்ள நைஃப் குழு பராமரிப்பது. கோள்களும் கலங்களும் எப்போது எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுத் தருவது. கோள்களுக்கிடையே போகும் பயணங்களில் ஏறக்குறைய எல்லோரும் புழங்குவது. அந்த அழைப்பு கேட்கும் ஐந்தும் இவை: எந்த வான்பொருள், எந்தத் தருணம், எந்த அச்சுகளை வைத்து அளப்பது, ஒளி வரும் நேரத்துக்குத் திருத்தம் வேண்டுமா, எங்கிருந்து பார்க்கிறோம். இந்த ஐந்தில் ஒன்றைக் குறைத்தாலும் "செவ்வாய் எங்கே?" என்ற கேள்விக்குப் பொருள் இல்லை. ஒளித் திருத்தத்தை மட்டும் பாருங்கள். செவ்வாயிலிருந்து ஒளி வர பத்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் செவ்வாய் நொடிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் 14,400 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். அதன் விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தொலைநோக்கியைத் திருப்ப ஒரு விடை வேண்டும், பாதைக் கணக்குக்கு இன்னொரு விடை. திருத்தம் வேண்டாம் என்றால்கூட "வேண்டாம்" என்று எழுதத்தான் வேண்டும் என்று ஸ்பைஸ் பிடிவாதம் பிடிக்கிறது. எரிச்சலாக இருக்கும், ஆனால் சரியான பிடிவாதம்.

அதில் குறை எங்கே என்றால், ஐந்தும் வரிசைப்படி வருகின்றன, பெயரோடு அல்ல. இலக்கையும் பார்வையாளரையும் இடம் மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி வராது. அம்பு எதிர்த்திசையில் நிற்கும், அவ்வளவுதான். மேலே ஓர் உறை, அதாவது அந்த அழைப்பைச் சுற்றி ஒரு சிறு நிரல், எழுதுங்கள். "இலக்கு = செவ்வாய், பார்வையாளர் = பூமி" என்று பெயர் சொல்லித்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். உள்ளீட்டின் எண்ணிக்கையைக் குறைக்காமலே பாதிச் சிரமம் போய்விடும்.

புதியவர்கள் எல்லோரும் இடித்துக்கொள்ளும் ஒரு நிலைப்படி உண்டு. டிஇ440 கோள் கோப்பை ஏற்றிவிட்டு "செவ்வாய்" என்று கேட்டால், 499 என்ற எண்ணுக்குத் தரவு போதவில்லை என்று பிழை வரும். கோப்பு பழுதல்ல. அதில் இருப்பது செவ்வாயும் அதன் இரு நிலாக்களும் சேர்ந்த தொகுதியின் நிறை மையம், எண் 4. நிலாக்கள் மிகச் சிறியவை என்பதால் இரண்டுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய ஒரு சாண். பெரும்பாலான வேலைக்கு 4 போதும். இல்லையென்றால் செவ்வாய் நிலாக்களுக்கான கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். இந்த இரண்டு வாக்கியத்தைப் பிழைச் செய்தியே சொல்லியிருந்தால் எத்தனை பேரின் மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்!

கணிதச் சமன்பாடு காகிதத்தில் இருப்பது போலவே எழுதும் மொழி எதுவும் இருந்ததா?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை

இருந்தது: ஹால்/எஸ். 1970களில் இன்டர்மெட்ரிக்ஸ் நிறுவனம் நாசாவுக்காக உருவாக்கியது. விண்வெளி ஓடத்தின் முதன்மைப் பறப்பு மென்பொருள் அதில்தான் எழுதப்பட்டது. ஒரு வரியை மூன்று வரியாக எழுதலாம்: நடுவில் மூல வரி, மேலே அடுக்குக்குறி, கீழே கீழ்க்குறி. அச்செடுத்தால் வெக்டரின் தலையில் கோடும், அணியின் தலையில் நட்சத்திரமும் வரும். புள்ளி போட்டால் புள்ளிப்பெருக்கல், நட்சத்திரம் போட்டால் குறுக்குப்பெருக்கல், இரண்டு பெயரைச் சும்மா பக்கத்தில் வைத்தால் சாதாரணப் பெருக்கல். வழிகாட்டுக் கணிதம் தெரிந்த பொறியாளர் நிரலை வாசித்துத் தப்பைக் காட்ட முடிந்தது. மாரினர் 1இல் தொலைந்த தலைக்கோட்டை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

திட்டத்தை மணிவாரியாக எழுதுவதா, "இது நடந்தால் அதைச் செய்" என்று எழுதுவதா?
– இளநிலை மாணவி, திருச்சிராப்பள்ளி

இரண்டும் உண்டு. மணிவாரித் திட்டத்தைச் சோதிப்பது எளிது. ஆனால் ஒரு படி தவறினால் அதற்கு ஒதுக்கிய நேரம் வீண். 2021 டிசம்பர் 25 அன்று ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நிகழ்வுவாரியாக வேலை செய்கிறது. வழிகாட்டி நட்சத்திரம் சிக்கவில்லையா, அந்தப் பார்வையை விட்டுவிட்டு வரிசையில் அடுத்ததற்குப் போய்விடும். இதற்கான ஆணைத்தொடர்கள் எந்த மொழியில் என்று நினைக்கிறீர்கள்? ஜாவாஸ்கிரிப்ட். கலத்தின் அடிப்படை மென்பொருள் சி++. அதைத் தொடாமலே, இயக்கக் குழு வாசித்து மாற்றக்கூடிய ஆணைத்தொடர்களை மேலே வைத்தார்கள். வலைப்பக்க மொழி என்று ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு இது புத்திசாலித்தனமான பிரிவினையாகவே படுகிறது.

எந்த வகையானாலும் வளம் பற்றிய கணக்கு மொழிக்குள் இருக்க வேண்டும். 2015 ஜூலை 4 அன்று, புளூட்டோவை நெருங்கப் பத்து நாள் இருக்கையில், நியூ ஹொரைசன்ஸ் கலம் பாதுகாப்பு நிலைக்கு (அவசியமானது தவிர மற்ற வேலைகளை நிறுத்திவிடும் நிலை) போய்விட்டது. கலத்தின் கணினி பழைய தரவைச் சுருக்கிக்கொண்டிருந்த அதே வேளையில், புளூட்டோ சந்திப்புக்கான கட்டளைத் தொகுப்பையும் நிலை நினைவகத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள், செயலி திணறியது. தனித்தனியே இரண்டும் சரியான வேலைகள். சேர்ந்து வந்தபோதுதான் தகராறு. கேள்வி போய்ப் பதில் வர ஒன்பது மணி நேரம் ஆகும் தூரத்தில் மூன்று நாளில் சரிசெய்தார்கள். ஒவ்வொரு பணிக்கும் அது எடுக்கும் செயலி, நினைவகம், மின்சாரம், திசை ஆகியவற்றை எழுதாமல் பணியை அறிவிக்கவே முடியாது என்று மொழி இருந்தால், இப்படிப்பட்ட மோதலைத் தரையிலேயே தேடிப் பார்க்கலாம்.

எங்கள் கல்லூரியில் சிறு செயற்கைக்கோள் குழு இருக்கிறது. படமெடுக்கும் திட்டங்களுக்கு ஒரு சின்ன மொழி செய்ய நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?
– மாணவர் குழு, சேலம்

கணினியைத் திறக்காமல் தொடங்குங்கள். கருவியைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் வெள்ளைத்தாள் கொடுத்து, அவர்களுக்கு உண்மையில் தேவையான பதினைந்து திட்டங்களைத் தோன்றியபடி எழுதச் சொல்லுங்கள். எல்லாத் தாளிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள்தான் உங்கள் மொழியின் சொற்கள். ஒரு தாளில் மட்டும் வருவதை முதல் பதிப்பில் சேர்க்காதீர்கள். இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும்:

பணி: நிழற்படம்
எப்போது: 10.8 வடக்கு, 78.7 கிழக்கு பார்வைக்குள் வந்ததும்
அதிகபட்சம்: 40 நொடி
தேவை: பேட்டரி 60 சதவீதத்துக்கு மேல்
எடுக்கும் இடம்: 12 மெகாபைட்
முடியாவிட்டால்: விட்டுவிடு

கடைசி வரி கட்டாயம். அதை எழுதாவிட்டால் மொழி ஏற்கக் கூடாது. "முடியாவிட்டால் என்ன" என்பதைத் திட்டம் எழுதும்போது யாரும் யோசிப்பதில்லை; மொழி கேட்டால்தான் யோசிப்பார்கள்.

இதைப் படிக்கும் பகுதியை பைத்தானின் லார்க் நூலகத்தில் ஒரு வாரத்தில் கட்டிவிடலாம். சுழலும் மாறியும் வேண்டாம். "ஐந்து முறை, 90 நிமிட இடைவெளியில்" போன்ற எண்ணி முடியும் மறுசெயல் போதும். பிழைச் செய்திக்கு இலக்கணத்தைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். "வரி 14: தொடரமைப்புப் பிழை" என்பது நிரலாளருக்கே உதவாது. "வரி 14: கேமரா 02:10க்குத் திரும்பத் தொடங்குகிறது. வரி 9இன்படி ஆன்டெனா 02:25 வரை தரைநிலையத்தைப் பார்த்திருக்க வேண்டும். 15 நிமிடம் மோதுகிறது" என்றால் எவரும் திருத்திவிடுவார். இதற்காக ஒவ்வொரு மதிப்பும் எந்த வரியிலிருந்து வந்தது என்பதை முதலிலிருந்தே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் எல்லாவற்றையும் பிரித்துப்போட வேண்டிவரும்.

சொல்லும் குறியும் உங்களுக்கு அழகாகத் தெரிவதை நம்பாதீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நிரல் எழுதியே பழகாதவர்களிடம் மூன்று மொழிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள்: குயோரம், பெர்ல், மூன்றாவதாக, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய குறிகளால் ஆன ஒரு மொழி. பெர்லில் எழுதியவர்கள் அந்தத் தாறுமாறு மொழியில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக எழுதவில்லை. குயோரம்காரர்கள் எழுதினார்கள். ஆகவே நான்கைந்து பேரை உட்காரவைத்து, பக்கத்தில் வாயைத் திறக்காமல் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுக்கினால் குறை மொழியில்தான். எழுதச் சொல்வதோடு விடாமல், இன்னொருவர் எழுதிய திட்டத்தைக் கொடுத்து "இது என்ன செய்யும்?" என்றும் கேளுங்கள். ஒரு திட்டம் எழுதப்படுவது ஒரு முறை. ஏவும் முன் வாசிக்கப்படுவது பத்து முறை.

பொத்தானும் பட்டையும் உள்ள திரை வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் அது சேமிப்பது இதே உரையாக இருக்கட்டும். நேற்றைய திட்டத்துக்கும் இன்றையதற்கும் என்ன வித்தியாசம் என்று வரிவரியாக ஒப்பிட உரை வேண்டும்.

இனி ஏஐயே எழுதித் தருமே, மொழி எளிதாக இருந்தால் என்ன, கடினமாக இருந்தால் என்ன?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

யார் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறவர் வாசித்தாக வேண்டும்.

தமிழிலேயே கட்டளைச் சொற்கள் வைத்தால் நம் மாணவர்களுக்கு உதவுமா?
– தமிழாசிரியை, காரைக்குடி

கொஞ்சம் உதவும். "பதிப்பி", "நிரல்பாகம்" என்றெல்லாம் தமிழில் எழுதும் எழில் என்ற மொழி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஒரு மொழியில் கட்டளைச் சொற்கள் முப்பதோ நாற்பதோதான். அவற்றை யாரும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். தமிழ் அதிகம் கைகொடுப்பது மாறிப் பெயர்களிலும் பிழைச் செய்திகளிலும்தான். பைத்தான் 3இல் "விசை = 5" என்று இன்றே எழுதலாம், ஓடும்.

சேலம் மாணவர்கள் சொந்த மொழியில் தமிழ்ப் பெயர்களை அனுமதிப்பதானால் இரண்டு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். உரையில் எழுத்துக் கோலங்களைத் தேடும், பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் "சொல்லெழுத்து" என்பதற்கான குறுக்குக்குறி, தமிழின் கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றை எழுத்தாகவே மதிப்பதில்லை. "விசை" என்ற பெயர் வகரத்தோடு அறுந்துவிடும், அடுத்து நிற்கும் கொக்கியைப் பார்த்துப் பிழை வரும். அனுமதிக்கும் எழுத்துகளின் எல்லையை நீங்களே யூனிகோடு எண்களால் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியாக ஒன்று, கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு விசைப்பலகையில் "கொள்ளளவு" என்று அறிவித்து, இன்னொன்றில் அதே பெயரை அடித்தால், "இப்படி ஒரு மாறி இல்லை" என்று மொழி சொல்லும். பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். பைத்தான் தன் மாறிப் பெயர்களை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. உங்கள் மொழியும் கோப்பைத் திறந்தவுடன், வேறெதுவும் செய்வதற்கு முன், அதைச் செய்துவிட வேண்டும்.